மாடல் ரயில் மாநாட்டுக்குப் போவது செலவுக்குத் தகுமா?

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்காவுக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், நேஷனல் மாடல் ரயில்ரோட் அசோசியேஷனின் தேசிய மாநாட்டுக்குப் போகலாமா, அந்தப் பணத்துக்கு எச்.ஓ. எனப்படும் மாடல் அளவில் ஒரு நல்ல இன்ஜினும் சில சரக்குப் பெட்டிகளும் வாங்கிவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். போகத்தான் வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் தேசிய மாநாட்டிலிருந்து தொடங்க வேண்டாம். பொருள் வாங்கும் எண்ணத்தோடும் போக வேண்டாம்.

முதலில் செலவைப் பார்ப்போம். 1935-இல் மில்வாக்கியில் தொடங்கப்பட்ட இச்சங்கம் தன் தேசிய மாநாட்டைக் கோடையில் வெவ்வேறு ஊர்களில் நடத்துகிறது. 2023-இல் டெக்சாஸின் கிரேப்வைனிலும், 2024-இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சிலும், 2025-இல் டெட்ராய்ட்டுக்கு அருகிலுள்ள நோவையிலும் நடந்தது. ஆகவே உங்கள் காரிலேயே போய்வரக்கூடிய தொலைவுக்கு அது வரும் ஆண்டுக்காகக் காத்திருந்தால் விமானச் செலவு முழுவதும் மிச்சமாகும், நீங்கள் செய்த மாடல்களையும் உடையாமல் கொண்டுபோகலாம். பலரும் பதிவுக் கட்டணத்தைப் பார்த்துத்தான் தயங்குகிறார்கள். உண்மையில் கனமானது ஏறக்குறைய ஒரு வாரத்துக்கான ஓட்டல் வாடகை. அறிவிக்கப்பட்ட வாடகையின் மேல் வரியும் பார்க்கிங் கட்டணமும் சேரும் என்பதைப் புதிதாக வந்தவர்கள் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். இன்னொரு உறுப்பினரோடு அறையைப் பகிர்ந்துகொள்வதும், வார நடுவில் போய்ச் சேர்வதும் இங்கே யாரும் குறைவாக நினைக்காத வழக்கங்கள். பேருந்தில் அழைத்துச் செல்லும் சுற்றுலாக்களுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு என்பதால், பட்டியலை முன்கூட்டியே படித்து இரண்டொன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

கடைகளையும் புதிய தயாரிப்புகளையும் பார்ப்பதுதான் நோக்கமென்றால் இவ்வளவு செலவு தேவையில்லை. மாநாட்டோடு ஒட்டி நடக்கும் நேஷனல் டிரெய்ன் ஷோவுக்குத் தனி டிக்கெட் வாங்கலாம். மாசசூசெட்ஸின் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜனவரியில் ஆம்ஹர்ஸ்ட் ரயில்வே சொசைட்டி நடத்தும் கண்காட்சி நாட்டின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஒரே நாளில் போய் வரலாம். விலைத் தள்ளுபடியைக் காட்டிப் பயணச் செலவை நியாயப்படுத்த முயலாதீர்கள், அந்தக் கணக்கு பெரும்பாலும் நேராவதில்லை.

மாநாட்டின் மதிப்பு கிளினிக் எனப்படும் பயிற்சி அமர்வுகளிலும், லேஅவுட் எனப்படும் மாடல் ரயில் அமைப்புகளைப் பார்க்கப் போகும் சுற்றுலாக்களிலும் இருக்கிறது. தண்டவாளத்துக்கு ஜல்லி பரப்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். பொடி ஜல்லியைத் தூரிகையால் சீர்செய்து, ஆல்கஹால் கலந்த நீரை மென்தூவலாக நனையவிட்டு, பிறகு தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும் என்று எந்தக் காணொளியும் சொல்லிவிடும். ஆனால் எவ்வளவு நனைந்தால் போதும், ரயிலைப் பாதை மாற்றிவிடும் பாயிண்டின் அசையும் பகுதிக்குள் பசை இறங்காமல் எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம், பல ஆண்டுகள் அதைச் செய்தவரின் கையருகே நின்று பார்க்கும்போதுதான் பிடிபடும். கேள்வி கேட்டால் நிறுத்தி மறுபடியும் செய்து காட்டுவார்கள். அந்தப் பெருந்தன்மை இந்தப் பொழுதுபோக்கின் பெரிய சொத்து.

லேஅவுட் சுற்றுலா அதைவிட மேலானது. நம்மைப் போல் வேலைக்காக வந்தவர்கள் அமெரிக்கர்களை அலுவலகத்தில்தான் அதிகம் அறிகிறோம். அவர்கள் வீட்டுக்குள் போக வாய்ப்பு அமைவது அரிது. இங்கோ முன்பின் தெரியாத ஒருவர் தம் வீட்டுக் கீழ்த்தளத்தைத் திறந்துவிட்டு, வாழ்நாளில் பாதியைச் செலவிட்டுக் கட்டிய ரயில் பாதையை விளக்கிச் சொல்கிறார். கேட்காமல் எதையும் தொடாதீர்கள். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். பலர் சேர்ந்து அந்த லேஅவுட்டில் ரயில்களை ஓட்டும் இயக்க அமர்வில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அட்டை, அந்த அட்டையின் உறையில் எந்தச் சரக்கு எங்கே போக வேண்டும் என்னும் சீட்டு, பாதையைத் திறந்துவிட ஒரு டிஸ்பேட்சர் என்று எல்லாம் உண்மை ரயில்வேயின் ஒழுங்கில் நடக்கும். யார்டில் பெட்டிகளை வரிசை மாற்றிக்கொண்டே ஒரு மாலையைக் கழித்தால், உங்கள் லேஅவுட்டில் எந்தக் கிளைப்பாதை தேவை, எது வீண் என்பது புரிந்துவிடும். தவறான திட்டத்தில் தண்டவாளம் வாங்கிக் குவிப்பதைத் தவிர்த்தாலே ஒரு பயணத்தின் செலவு திரும்பிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் அறிமுகம் ஒன்றுமின்றிப் பெருங்கூட்டத்தில் நுழைந்தால் இவற்றில் பாதி கைக்கு எட்டாது. சங்கம் ரீஜன்களாகவும், அவை டிவிஷன்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. உங்கள் டிவிஷனின் கூட்டங்களுக்குச் செலவு மிகக் குறைவு, பயணமும் அருகிலேயே முடியும். அங்கே சிலரைத் தெரிந்துகொண்டு, அவர்களோடு ஒரு காரில் ரீஜன் மாநாட்டுக்குப் போங்கள். வார இறுதியில் முடிந்துவிடுவதால் விடுப்பும் அதிகம் தேவைப்படாது. உண்மைப் பெட்டிகளை நுணுக்கமாகப் பிரதிசெய்வதில்தான் ஆர்வம் என்றால், ஆர்.பி.எம். (ரயில்ரோட் புரோட்டோடைப் மாடலர்ஸ்) என்று அழைக்கப்படும் சிறு சந்திப்புகள் உங்களுக்கு இன்னும் பொருந்தும். அரைகுறையாக நிற்கும் மாடலையும் மேசையில் வைத்து யோசனை கேட்கலாம்.

பணம் கட்டும் முன் இன்னொன்று. நவம்பர் மாதத்தில் பல ஊர்களில் கிளப்புகளும் தனிநபர்களும் தங்கள் லேஅவுட்டுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவைக்கிறார்கள். முதலில் அவற்றில் சிலவற்றுக்குப் போய்வாருங்கள். எந்த அளவு, எந்தக் காலம், எந்த ரயில்வே உங்களை ஈர்க்கிறது என்பது தெரிந்தபின் மாநாட்டு நிகழ்ச்சிநிரலைப் படித்தால், எந்த அமர்வுக்காகப் போகிறீர்கள் என்று உங்களாலேயே குறிக்க முடியும்.