எதற்குப் பதிலாக? – ஊட்டச்சத்து கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "இதைச் சாப்பிடலாமா, கூடாதா?" என்றே கேட்கின்றன. உணவு ஆலோசனை சொல்வதையே தொழிலாகக் கொண்டிருந்தும், அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வருவதில்லை. எவ்வளவு சாப்பிடுகிறீர்கள், எதனுடன், எதற்குப் பதிலாக என்பது தெரிந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். அந்த விவரங்களோடு வந்த கடிதங்களையே இம்முறை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளைச் சர்க்கரை வாங்குவதையே நிறுத்திவிட்டேன். தேநீருக்குத் தேன், இனிப்பு செய்தால் பழுப்புச் சர்க்கரை. மாலையில் வீட்டிலேயே பிழிந்த ஆரஞ்சுச் சாறு ஒரு பெரிய டம்ளர். இவ்வளவு செய்தும் எடை குறையவில்லை. ரத்தச் சர்க்கரையும் எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கே தவறுகிறேன்?

உங்கள் அக்கறை கடிதம் முழுக்கத் தெரிகிறது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: சர்க்கரையின் பெயர் மாறியிருக்கிறது, அளவு குறையவில்லை.

தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரைதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். தேன் கனமானது என்பதால் ஒரு தேக்கரண்டித் தேன் 7 கிராம் வரை இருக்கும். அதில் சர்க்கரை மட்டும் 5 முதல் 6 கிராம். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரை 4 கிராம்தான். ஆக, கரண்டிக்குக் கரண்டி பார்த்தால் தேனில்தான் சர்க்கரை அதிகம். பழுப்புச் சர்க்கரையில் கொஞ்சம் பாகு ஒட்டியிருக்கிறது, அவ்வளவே. அதிலுள்ள தாதுக்கள் உடம்புக்குப் பயன்படும் அளவில் இல்லை.

அடுத்து அந்த ஆரஞ்சுச் சாறு. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாம் சேர்க்கும் சர்க்கரையோடு தேன், பாகு, பழச்சாறு இவற்றில் உள்ள சர்க்கரையையும் ஒரே கணக்கில் வைக்கிறது. முழுப் பழத்தில் இருப்பதும் பாலில் இயற்கையாக இருப்பதும் அந்தக் கணக்கில் வராது. நாளின் மொத்தக் கலோரியில் இந்தச் சர்க்கரை 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது அது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது 50 கிராம், இன்னும் நல்ல எல்லை 25 கிராம். ஆரஞ்சுச் சாறு 100 மில்லியில் 8, 9 கிராம் சர்க்கரை இருக்கும். உங்கள் டம்ளர் 300 மில்லி பிடிக்கும் என்றால், அந்த 25 கிராம் அதிலேயே தீர்ந்துவிட்டது.

அவ்வளவு சாறு பிழிய மூன்று, நான்கு பழங்களாவது வேண்டும். அதே பழங்களை உரித்துச் சாப்பிட்டால் இரண்டாவதிலேயே போதும் என்று தோன்றிவிடும். மெல்ல நேரம் பிடிக்கிறது, நார் வயிற்றை நிறைக்கிறது, சர்க்கரையும் ரத்தத்தில் மெதுவாகச் சேர்கிறது. பிழியும்போது அந்த நாரெல்லாம் வடிகட்டியில் தங்கிவிடுகிறது.

சாற்றுக்குப் பதிலாகப் பழத்தையே சாப்பிடுங்கள், ஒன்று போதும். தேநீரில் தேனை வாரத்துக்குக் கால் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நாக்கு பழகிவிடும், அது நடப்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். இடையில் செயற்கை இனிப்பூட்டிக்கு மாற வேண்டாம். எடையைக் கட்டுப்படுத்துவதற்காக அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023-இல் சொல்லியிருக்கிறது. அப்புறம், சோறு, ரொட்டி எல்லாம் செரித்தபின் குளுக்கோஸாகத்தான் ரத்தத்துக்கு வருகின்றன. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு தானியம், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ என்று வைத்துப் பாருங்கள். எல்லைக்கோட்டில் இருப்பதைத் திருப்ப நல்ல வாய்ப்பு உண்டு. மருத்துவர் சொல்லும் நாளில் மறுபரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளுங்கள்.

இரவில் பழம் சாப்பிட்டால் விஷமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மட்டும் எதைச் சாப்பிட்டாலும் உடனே படுக்காமல் இருந்தால் போதும்.

இரண்டு பிள்ளைகளும் காலையில் அவசரமாகக் கிளம்புகிறார்கள். "முழு தானியம்", "நார்ச்சத்து நிறைந்தது" என்று போட்ட பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்புகிறேன். எண்ணெய் வாங்கினால் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று போட்டிருக்கிறது. இதில் எதை நம்புவது?

முன்பக்கத்தில் இருப்பது விளம்பரம். அது பொய்யாக இல்லாவிட்டாலும், உங்களுக்கு வேண்டிய செய்தி அதில் இருக்காது. கொலஸ்ட்ராலையே எடுத்துக்கொள்ளுங்கள். அது விலங்குகளிடமிருந்து வரும் உணவில்தான் இருக்கும். தாவர எண்ணெய் எதிலுமே அது கணக்கில் கொள்ளும் அளவுக்கு இருப்பதில்லை. எல்லா எண்ணெய்க்கும் பொருந்துகிற ஒன்றை ஒரு புட்டியின் மேல் மட்டும் பெரிய எழுத்தில் போட்டால் அது அந்த எண்ணெயின் தனிச்சிறப்பு போலத் தெரிகிறது.

பொட்டலத்தைத் திருப்புங்கள். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ள பொருள் முதலில் வர வேண்டும் என்பது பெரும்பாலான நாடுகளில் விதி. முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே பாதி தெரிந்துவிடும். முழு தானியம் என்று சொல்லிக்கொள்ளும் பிஸ்கட்டில் மைதா முதலிலும் சர்க்கரை இரண்டாவதாகவும் எண்ணெய் மூன்றாவதாகவும் இருந்தால், அது சாதாரண பிஸ்கட்தான். சர்க்கரை பல பெயர்களில் பிரிந்தும் வரும்: குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், பிரக்டோஸ், பழச்சாற்றுச் செறிவு. தனித்தனியே ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும். கூட்டினால் மேலே வந்துவிடும். "பகுதி ஹைட்ரஜனேற்றப்பட்ட" எண்ணெய் என்று இருந்தால் வாங்க வேண்டாம். அதிலிருந்து வரும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல். உலக உணவிலிருந்தே அதை அகற்ற வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அறைகூவல் விடுத்தது.

அடுத்தது சத்துப் பட்டியல். "ஒரு பரிமாறலுக்கு" என்ற கட்டத்தை விட்டுவிடுங்கள். பரிமாறல் என்பது இரண்டு பிஸ்கட்டாக இருக்கும், பிள்ளைகள் ஆறு சாப்பிடுவார்கள். "100 கிராமுக்கு" என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள். பிரிட்டனில் பொட்டலங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதன் எல்லைகளை எங்கே இருந்தாலும் பயன்படுத்தலாம். 100 கிராமில் சர்க்கரை 22.5 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு, 5 கிராமோ அதற்குக் கீழோ என்றால் பச்சை. உப்பு 1.5 கிராமுக்கு மேல் சிவப்பு, 0.3 கிராம் வரை பச்சை. சில பொட்டலங்களில் உப்புக்குப் பதில் சோடியம் என்று இருக்கும். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. பெரியவர்களுக்கே நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் தலைமையிலான குழு 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவு. முன்னால் வைத்த உணவில் சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கூடியது. சின்ன ஆய்வுதான். ஆனால் பிஸ்கட் பொட்டலம் ஏன் பாதியில் நிற்பதில்லை என்று தங்களையே குறை சொல்லிக்கொள்ளும் அம்மாக்களுக்கு இதை நான் கட்டாயம் சொல்வேன். மனக்கட்டுப்பாடு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை இது.

பிஸ்கட்டுக்குப் பதிலாக, முதல் நாள் இரவே அவித்து வைத்த முட்டை, ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை கொடுத்தனுப்பலாம். அவித்த முட்டையை ஓடு உரிக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சின்னவருக்கு ஐந்து வயது ஆகவில்லை என்றால் கடலையை முழுசாகக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

இதயத்துக்கு நல்லது என்று எண்ணெயே இல்லாமல் சமைக்கிறேன். ஆனால் பசி அடங்குவதே இல்லை. பத்து மணிக்கெல்லாம் ஜாம் தடவிய ரொட்டி சாப்பிட வேண்டியிருக்கிறது.

உங்கள் கேள்விக்குப் பதிலை அந்தக் கடைசி வரியிலேயே எழுதிவிட்டீர்கள். எண்ணெய் போன இடத்துக்கு ஜாமும் வெள்ளை ரொட்டியும் வந்திருக்கின்றன. வெண்ணெய் போன்ற நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் தாவர எண்ணெய், கொட்டை வகைகள், மீன் என்று வைத்தால் கெட்ட கொலஸ்ட்ரால் குறைகிறது. அதே இடத்தில் சர்க்கரையையும் மாவையும் வைத்தால் இதயத்துக்கு லாபம் எதுவும் இல்லை.

லினோலெயிக், ஆல்பா லினோலெனிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்களை உடம்பால் தயாரிக்க முடியாது, உணவில்தான் வர வேண்டும். வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்துதான் உள்ளே போகும். கேரட்டை எண்ணெயே இல்லாமல் சாப்பிட்டால், உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் அதன் சத்தில் பெரும்பகுதி வீணாகிறது. அதற்காகத் தாராளமாக ஊற்றச் சொல்லவில்லை. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4 தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறக்குறைய 120 கலோரி. புட்டியைச் சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள், அது போதும்.

எனக்கு ஹீமோகுளோபின் 9. தினமும் கீரையும் பீட்ரூட்டும் சாப்பிடுகிறேன். சாப்பிட்டவுடன் ஒரு தேநீர், அதைத் தவிர கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. ஏன் ஏறவில்லை?

9 என்பது உணவால் மட்டும் சரிசெய்யும் நிலை இல்லை. முதலில் மருத்துவரிடம் போய்க் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, வயிற்றுப் புண், குடற்புழு என்று ரத்தம் எங்காவது போய்க்கொண்டிருக்கலாம். ஓட்டையை அடைக்காமல் கீரையைக் கூட்டிப் பயன் இல்லை.

பீட்ரூட்டின் நிறத்துக்கும் ரத்தத்துக்கும் தொடர்பு இல்லை. 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இருக்காது. கீரை, பருப்பு இவற்றிலுள்ள இரும்பை உடம்பு குறைவாகவே எடுத்துக்கொள்ளும், இறைச்சியிலுள்ளதை எளிதாக எடுத்துக்கொள்ளும். எலுமிச்சை, ஆரஞ்சு, கொய்யா, தக்காளி ஏதாவது ஒன்று கூட இருந்தால் அந்த வைட்டமின் சி உதவி செய்யும். நீங்கள் சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீர் அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. தேநீரை விட வேண்டாம், சாப்பாட்டிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள். மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்தால் அதையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்காதீர்கள்.

என் அம்மாவுக்கு 74 வயது. ஆரோக்கியமாக இருக்கட்டும் என்று மஞ்சள் கரு, முழுக் கொழுப்புப் பால், எண்ணெய், உப்பு எல்லாவற்றையும் குறைத்துவிட்டேன். ஆறு மாதத்தில் 48 கிலோவிலிருந்து 44 ஆகிவிட்டார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்கிறார். நல்லதுதானே செய்கிறேன்?

தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்றதை எல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு இதற்குத்தான் முதலில் பதில் எழுதினேன்.

நாற்பது வயதுக்காரருக்குச் சொல்லும் அறிவுரையை அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அவருக்கு இப்போது ஆபத்து எடை கூடுவதில் இல்லை, குறைவதில்தான் இருக்கிறது. ஆறு மாதத்தில் 4 கிலோ என்றால் உடல் எடையில் 8 சதவீதம். முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் 5 சதவீதம் குறைந்தாலே பரிசோதிக்க வேண்டும். இந்த வாரமே கூட்டிப் போங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் கையோடு எடுத்துப் போங்கள், சில மாத்திரைகள் பசியைக் கொல்லும். பல் வலியோ விழுங்கும்போது சிரமமோ இருக்கிறதா என்று கேளுங்கள். மனம் சோர்ந்திருக்கிறாரா என்றும் கவனியுங்கள். பெரியவர்கள் இதையெல்லாம் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள்.

மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாதவரை, நிறுத்தியதை எல்லாம் திருப்பிக் கொண்டுவாருங்கள். முட்டை முழுசாக. பால் கொழுப்போடு. வேகவைத்துக் குழைத்த பருப்பில் இரண்டு கரண்டி எண்ணெய். மூன்று வேளை பெரிய தட்டு வைத்து வற்புறுத்தாமல் ஐந்தாறு முறை சின்னக் கிண்ணம் போதும். வயதானவர்களுக்குத் தசை கரையாமல் இருக்க எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும், இளையவர்களைவிட அதிகம். அம்மாவுக்கு அது நாளுக்கு 44 முதல் 53 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6, 7 கிராம், வேகவைத்த பருப்பு 100 கிராமில் 9 கிராம் என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

உப்பு பற்றியும் மருத்துவரிடமே கேளுங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் எல்லை வேண்டும்தான். ஆனால் வயது ஏற ஏற நாக்கில் சுவை குறைகிறது. அதோடு சப்பென்ற சாப்பாடும் சேர்ந்தால் யாருக்கும் தட்டின் பக்கம் போகத் தோன்றாது. எலுமிச்சை, மிளகு, பூண்டு, பச்சை இலைகள் போட்டு மணமாகச் சமைத்துக் கொடுங்கள். ஒரு வேளையாவது நீங்களும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். தனியாகச் சாப்பிடும் முதியவர்கள் குறைவாகவே சாப்பிடுகிறார்கள்.

வாரம் ஒருமுறை அதே தராசில், காலையில் சாப்பிடும் முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மருத்துவர் என்ன சொன்னார், எடை எவ்வளவு என்று அடுத்த இதழுக்குள் எனக்கு எழுதுங்கள். உங்கள் கடிதத்தை எதிர்பார்த்திருப்பேன்.