பத்துக் கோடிப் பார்வைகளும் ஒரு முட்டையும்

அன்புள்ள ஐயா,

2012இல் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, உகாண்டாவில் பிள்ளைகளைக் கடத்திப் போராளிகளாக்கிய ஜோசப் கோனியைப் பிடிக்கச் சொல்லும் 'கோனி 2012' வீடியோவைப் பார்த்து அழுதேன். அன்றிரவே ஃபேஸ்புக்கில் எல்லாருக்கும் பகிர்ந்தேன். போன வாரம் நண்பர்கள் அந்தப் பதிவைத் தோண்டி எடுத்து, 'உகாண்டாவைக் காப்பாற்றிய மாவீரன்' என்று ஓட்டித் தள்ளிவிட்டார்கள். நான் செய்தது முட்டாள்தனமா? குழந்தைப் போராளிகள் விஷயத்தில் இப்படிப்பட்ட பிரசாரங்களால் எதுவுமே நடக்காதா?

க., கோவை

அன்புள்ள க.,

ஓட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேர வீடியோ, ஆறே நாளில் பத்துக் கோடி பார்வைகள். அத்தனை பேரையும் முட்டாள் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. அது காட்டிய கொடுமையும் பொய்யில்லை. பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான் என்று சொல்லி நாம் சோறூட்டுவோம். வடக்கு உகாண்டாவில் அவன் நிஜமாகவே வந்தான். ஜோசப் கோனியின் எல்.ஆர்.ஏ. என்ற கிளர்ச்சிப் படை பல்லாயிரம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனது. பொழுது சாய்ந்தால் கிராமத்துப் பிள்ளைகள் குலு நகரத்துக்கு நடந்து வந்து, கிடைத்த திண்ணையில் படுத்துவிட்டு, விடிந்ததும் திரும்பி நடந்த காலம் அது.

ஆனால் 2012இல் அந்தக் காலம் முடிந்திருந்தது. 2006இலேயே கோனி உகாண்டாவை விட்டுக் காங்கோ பக்கத்துக் காடுகளுக்குப் போய்விட்டார். வீடியோ அதை லேசாகத் தொட்டுவிட்டுத் தாண்டிவிடுகிறது. இயக்குநர் தன் சின்ன மகனிடம் கெட்டவன் யார் என்று விளக்குவதற்கோ வேண்டிய நேரம் இருக்கிறது.

வீடியோ வந்த அதே 2012 மார்ச்சில் வடக்கு உகாண்டாவின் லிரா நகரத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி இந்தப் படத்தைப் போட்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பகுதி. தங்கள் கதையைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூடிய சனம், திரையில் பார்த்தது ஓர் அமெரிக்கக் குடும்பத்தை. அப்புறம் கோனி பெயர் போட்ட டி-ஷர்ட்டும் போஸ்டரும் வந்தன. பிள்ளையைக் கொன்றவன் பெயரை நெஞ்சில் போட்டுக்கொள்வார்களா என்று கூட்டம் கொதித்தது, கல் பறந்தது. அடுத்த திரையிடல்களை நிறுத்திவைத்தார்கள். வீடியோ சொன்னபடி ஏப்ரல் 20 இரவு உலகமெங்கும் போஸ்டர் ஒட்டுவதாக இருந்ததே, பல நகரங்களில் ஒட்ட ஆளே வரவில்லை.

எனக்கு உறுத்துவது டொமினிக் ஓங்வென் கதை. பள்ளிக்கூடம் போகிற வழியில் எல்.ஆர்.ஏ. பிடித்துக்கொண்டு போன சிறுவன். காட்டிலேயே வளர்ந்து தளபதியானார். தானும் பிள்ளைகளைப் பிடித்தார். 2015இல் சரணடைந்தார். 2021இல் ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 25 ஆண்டுச் சிறை விதித்தது. ஆயுள் தண்டனை கொடுக்காததற்கு அந்தக் கடத்தலும் ஒரு காரணம். இவரை எந்தப் போஸ்டரில் ஒட்டுவது? பரிதாபப்படும் பக்கத்திலா, பிடித்துக்கொடுக்கும் பக்கத்திலா?

காட்டிலிருந்து பிள்ளைகளைத் திரும்ப அழைத்தவற்றில் முக்கியமானது ரேடியோ. குலுவின் மெகா எஃப்.எம்.மில் 'த்வோக் பாச்சோ' என்றொரு நிகழ்ச்சி. அந்தப் பகுதி மக்களின் அச்சோலி மொழியில் 'வீட்டுக்கு வா' என்று அர்த்தம். தப்பி வந்தவர்களே அதில் பேசுவார்கள். போனால் ராணுவம் கொன்றுவிடும் என்று காட்டில் சொல்லிவைத்திருப்பார்கள் அல்லவா, நேற்றுவரை பக்கத்தில் படுத்திருந்தவனின் குரல் ரேடியோவில் கேட்டால் அந்தப் பொய் உடையும். 2000இல் வந்த பொதுமன்னிப்புச் சட்டமும் துணைக்கு இருந்தது.

திரும்பி வந்த பிள்ளையை அச்சோலி வீடுகளில் அப்படியே உள்ளே விடமாட்டார்கள். வாசலில் வழவழப்பான ஒரு குச்சி, களஞ்சியம் திறக்கும் கோல், நடுவில் ஒரு பச்சை முட்டை. வெறுங்காலால் முட்டையை மிதித்து உடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டு காட்டிலிருந்த பையனுக்கும் அதே முட்டைதான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சரி, நியாயமாகச் சொல்ல வேண்டும்: வீடியோ எடுத்த அமைப்பே காங்கோ கிராமங்களில் தாக்குதல் செய்தி சொல்ல ரேடியோ கருவிகள் வைத்தது, 'திரும்பி வா' என்ற துண்டுப் பிரசுரங்களைக் காட்டின் மேல் போட்டது. அவற்றைக் கேட்டும் படித்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். அது வைரல் ஆகவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை பகிருமுன் அந்த வீடியோ யாரிடம் பேசுகிறது என்று பாருங்கள். லிராவில் அதைப் போட்டுக்காட்ட முடியுமா?

கோனி இன்னும் பிடிபடவில்லை. 2025 செப்டம்பரில் ஹேக்கில் அவர் இல்லாமலேயே அவர் மீதான குற்றச்சாட்டுகளை விசாரித்தார்கள். அதை எந்த நண்பரும் உங்களுக்குப் பகிர்ந்திருக்கமாட்டார்.