ஏர் சஸ்பென்ஷனில் காற்று எங்கே போகுது? செந்தூல் பட்டறையிலிருந்து பதில்கள்

கேள்வி (செராஸ்): அண்ணே, ராத்திரி நிறுத்தின காடி காலையில முன் இடது பக்கம் உட்கார்ந்திருக்கு. ஸ்டார்ட் பண்ணினா கொஞ்ச நேரத்துல எழுந்துடுது. கம்ப்ரசர் மாத்தணும்னு ஒரு போமன் சொல்றார்.

பதில்: வேண்டாம் தம்பி. ஏர் சஸ்பென்ஷன்ல இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலா ரப்பர் காற்றுப் பைதான் காடியைத் தாங்குது, அதுக்குக் காற்று அடிக்கிறது கம்ப்ரசர். சட்டுனு காடியைத் தூக்குற கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்கு. கசிவை விட்டுட்டுப் புதுசு போட்டா, அதுவும் ஓயாம ஓடிக் கருகிடும். முதல்ல அளந்து பாருங்க. ராத்திரி நாலு சக்கரத்துக்கும் நடு மையத்துலேருந்து மட்கார்ட் விளிம்பு வரைக்கும் அளந்து எழுதி வைங்க. காலையில கதவைத் திறக்குறதுக்கு முன்னாடியே மறுபடி அளங்க. கதவு திறந்தாலே சில காடிகள்ல சிஸ்டம் விழிச்சுக்கும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தா அந்தப் பை, அதோட குழாய், ஒவ்வொரு பைக்கும் காற்றைப் பிரிச்சு விடுற வால்வு பிளாக்குல அது சேருற இடம், இந்த மூணையும் பாருங்க. முன்பக்கம் ரெண்டும் சேர்ந்து இறங்கினா எனக்கு வால்வு பிளாக் மேலதான் முதல் சந்தேகம்.

கேள்வி (கெப்போங்): சவர்க்காரத் தண்ணி அடிச்சேன், குமிழியே வரல. ஆனா இறங்குது.

பதில்: காடியை ஹாய்ஸ்ட்ல தொங்கவிட்டுப் பார்த்தீங்களா? ரப்பர்ல வெடிப்பு விழுறது பெரும்பாலும் கீழே அது மடங்குற இடத்துலதான். தொங்கும்போது பை நீண்டு மடிப்பு இடம் மாறிடும், வெடிப்பும் தெரியாம போயிடும். சக்கரம் தரையில இருக்கணும். உயர்த்தி, சாதாரண உயரத்துல, தாழ்த்தி, மூணு நிலையிலும் அடிச்சுப் பாருங்க. பொறுமையா நில்லுங்க, சின்னக் கசிவுக்கு நுரை மெதுவாத்தான் கட்டும். பைக்கு மேல குழாய் சேருற இடத்தையும், காற்று வெளியேறுற துளையையும் விட்டுடாதீங்க. அந்தத் துளையில நுரை வந்தா உள்ளே வால்வு சரியா மூடல. முடிஞ்சதும் நல்ல தண்ணியில கழுவுங்க.

ஒண்ணு கெஞ்சிக் கேட்டுக்கிறேன்: காற்றை மட்டும் நம்பிக் காடிக்கு அடியில போகாதீங்க. ஸ்டாண்டு வச்சு, சிஸ்டம் தானா உயரத்தை மாத்தாம இருக்க ஜாக் மோடுல போட்டுட்டுப் போங்க. ஒரு குழாய் கழன்றா காடி அப்படியே மேல இறங்கிடும்.

கேள்வி (பத்துமலை): தம்பி, என் காடி ஒரு பக்கம் எப்பவும் தாழ்ந்தே இருக்கு, ஆனா விடிய விடிய அளவு மாறல.

பதில்: அப்போ கசிவு இல்லக்கா. காடி உயரத்தை அளக்குற ஹைட் சென்சரோட இணைப்புக் கம்பி வளைஞ்சிருக்கா, கழன்றிருக்கான்னு பாருங்க.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ், டூர் பஸ்): பின்னாடி 'ஸ்ஸ்'னு சத்தம். கெந்திங் போகலாமா?

பதில்: போகாதீங்க. பஸ்ல பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் ஒரே கம்ப்ரசர்தான். காற்று குறைஞ்சா புரொடெக்‌ஷன் வால்வு சஸ்பென்ஷன் பக்கம் போற வழியை மூடி, பிரேக் காற்றைக் காப்பாத்தும். அதை நம்பி மலைப்பாதையில ஆளை ஏத்தக் கூடாது. பஸ் அசையாம நிக்கும்போதும் உயரத்தைச் சரி பண்ற லெவலிங் வால்வு விடாம காற்று கக்கினா, அதோட கம்பியைப் பாருங்க. கம்பி சரின்னா வால்வு தேஞ்சிருக்கும்.

கேள்வி (ஜாலான் ஈப்போ): பழைய காடி பாகம் விக்கிற ஹாஃப் கட் கடையில பழைய பை வாங்கலாமா அண்ணே?

பதில்: ரப்பர் வேண்டாம், ஓடாம கிடந்தாலும் அது முதுமையாகும். புதுசு மாட்டினதும் காற்று ஏத்துறதுக்கு முன்னாடி காடியைத் தரையில இறக்காதீங்க, மடிப்பு நசுங்கிக் கிழிஞ்சிடும். கம்ப்ரசர் ரொம்ப நாள் விடாம ஓடியிருந்தா அதுக்குக் கரண்ட் விடுற ரிலேயையும் மாத்துங்க. காற்றுல ஈரத்தை உறிஞ்சுற டிரையரையும் பாருங்க, நம்ம ஊர் ஈரக்காற்றுல அது நனைஞ்சு போனா தண்ணி வால்வு பிளாக் வரைக்கும் போயிடும்.