பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச் வழுக்குகிறது. பிளேட்டை மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது. பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, ஆறே மாதத்தில் மறுபடி கியர்பாக்ஸை இறக்கியவன் சொல்கிறேன்.

நாலாவது கியரில் அழுத்தினால் ஆர்பிஎம் முள் (என்ஜின் சுற்றைக் காட்டுவது) ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறது. மெக்கானிக் பிளேட் போதும் என்கிறார். நீங்கள் சொன்னது இவ்வளவுதான். எந்த வண்டி என்று எழுதவில்லை. இருபது வருடம் தாண்டிய ரியர் வீல் டிரைவ் வண்டி, உங்களுக்கு முன்னால் நாலைந்து பேர் மிதித்தது என்று வைத்துக்கொள்கிறேன்.

என்னுடையது 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். இதே ரெண்டு தொல்லைதான். ரெண்டும் ஒரே நோய் என்று நினைத்து ஏமாந்தேன். முள் மட்டும் ஏறினால் கிளட்ச் சரியாகப் பிடிக்கவில்லை. கியர் அரைத்தால் கிளட்ச் சரியாக விடவில்லை. பிடிக்காத கோளாறு பெரும்பாலும் உள்ளே இருக்கும்: தேய்ந்த பிளேட், அதை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட் தளர்ந்தது, அல்லது பிளேட்டில் ஏறிய ஆயில். விடாத கோளாறு பல நேரம் வெளியே. பெடல் மிதியை ஆயில் வழியாகக் கிளட்சுக்குக் கடத்துகிற மாஸ்டர் சிலிண்டரோ ஸ்லேவ் சிலிண்டரோ கசிந்தால், நீங்கள் மிதிக்கிற மிதி முழுதாகப் போய்ச் சேராது.

அதனால் எதையும் கழற்றும் முன் பெடலை நாலு தடவை வேகமாக மிதித்துவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் சந்தேகம் ஹைட்ராலிக்ஸ், அதாவது அந்த ஆயில் சிலிண்டர்கள் மேல்தான். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கிப் பார்க்கலாம். நான் விலக்கியதும் கறுத்துப்போன பிரேக் ஆயில் மணிக்கட்டு வரை வழிந்தது. வழுக்கலுக்குச் சோதனை வேறு: ஆளில்லாத ரோட்டில் நாலாவது கியர், 2000 ஆர்பிஎம், ஆக்சிலரேட்டரை அடிவரை. முள் துள்ளினால் வழுக்குகிறது என்று அர்த்தம். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு மூணாவது கியரில் கிளட்சை விடுகிற முறையும் உண்டு, என்ஜின் உடனே அணைய வேண்டும். அதைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள், இருக்கிற பிளேட்டும் கருகிவிடும்.

சரி, என் கதை. முதல் தடவை ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். புதுப் பிளேட் போட்டோம் என்றார்கள். பழையதைக் காட்டச் சொன்னால், "அது குப்பைக்குப் போயிடுச்சு சார்" என்றார்கள். அன்றைக்கே கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து முள் மறுபடி துள்ளியது.

இந்த முறை நானும் மச்சானும் இறங்கினோம். பிரஷர் பிளேட்டைக் கழற்றியதும் கிளட்ச் பிளேட் கையில் வந்தது. லைனிங் என்பது பிளேட்டின் உராய்வுப் பகுதி; அதைப் பிடிக்கிற ரிவெட் ஆணியின் தலைக்கு மேல் அது 0.3 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. இதில் ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே இருந்தது. ஆனால் மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. கட்டைவிரலை வைத்துத் தேய்த்தேன், ரேகை தெரிகிற அளவுக்கு ஆயில். "மாமா, இது தேயவே இல்ல, குளிச்சிருக்கு" என்றான் மச்சான். என்ஜினின் கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீல் கசிந்து, பிளேட் உரசிப் பிடிக்கிற சக்கரமான ஃப்ளைவீலுக்குப் பின்னாலிருந்து இறங்கியிருக்கிறது. ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். கியர்பாக்ஸ் இறங்கியிருந்தபோதே அந்தப் பட்டறைக்காரர்கள் பார்த்திருக்கலாம்.

ஆகவே இறக்கியது இறக்கியாச்சு என்றால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் (கிளட்சை விடவைப்பது), பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் ஷாஃப்டின் முனையைத் தாங்குவது), பின் சீல் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அளவைச் சரிபார்த்து வாங்குங்கள். என் 1.6-க்கு 200 மில்லிமீட்டர் பிளேட், பின்னால் வந்த 1.8-க்கு 215. படத்தில் ரெண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஃப்ளைவீலை நான் லேத்தில் கடையக் கொடுக்கவில்லை. சூட்டில் வரும் நீலத் திட்டு, வெடிப்பு எதுவும் இல்லாததால் பிரேக் கிளீனரும் எமரித் தாளும் போதும் என்று விட்டேன். இதற்குத் திட்ட ஒருவர் வருவார், தெரியும். உங்கள் ஃப்ளைவீலில் திட்டு இருந்தால் கடைந்துவிடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள்; ஈரத்துணியால் துடையுங்கள்.

இந்த வீடியோ போடுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கியர்பாக்ஸின் மேல்பக்க போல்ட்டுக்கு ஸ்பேனரே போகாது. மூன்று அடி எக்ஸ்டென்ஷனை மாட்டி, நுனியில் வளையும் ஜாயின்ட் வைத்து, பின்பக்கத்திலிருந்து குருடன் மாதிரி தடவ வேண்டும். எங்களுக்கு ஒரு மதியமே அதில் போனது. வீடியோவில் அந்த இடத்தில் டமடமவென்று மியூசிக், அடுத்த காட்சியில் கியர்பாக்ஸ் தரையில்! போல்ட் என்ன மந்திரத்திலா கழன்றது? கஷ்டமான இடத்தை வெட்டிவிட்டு, சப்ஸ்கிரைப் செய் என்று மட்டும் மூன்று தடவை கேட்கத் தெரிகிறது.

மாட்டும்போது பிளேட்டை அலைன்மென்ட் டூல் வைத்து நடுவில் நிறுத்துங்கள். ஃப்ளைவீல் பக்கம் எது என்று அதிலேயே எழுதியிருக்கும். ஸ்ப்ளைனில் (ஷாஃப்டின் பல்வரிசையில்) கிரீஸ் பெயருக்குத்தான், மிஞ்சினால் லைனிங்கில் தெறிக்கும். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். எங்கள் கியர்பாக்ஸ் கடைசி இரண்டு விரற்கடையில் முரண்டு பிடித்தது. போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்றான் மச்சான். நல்லவேளை, கேட்கவில்லை; அப்படி இழுத்தால் கியர்பாக்ஸின் ஹவுசிங் (வெளிக்கூடு) வெடிக்கும், பிளேட் கோணும். கியர்பாக்ஸின் கனத்தை ஜாக்கிலேயே தாங்கவைத்து, கியரில் போட்டு, பின்பக்கம் புரொப்பெல்லர் ஷாஃப்டின் (பின் சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டுபோகிற தண்டின்) முனையைச் செருகி அரைச் சுற்று திருப்பினேன். டக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது.

ஸ்லேவ் சிலிண்டரையும் அன்றே மாற்றி, ஆயிலில் சிக்கிய காற்றை வெளியே எடுத்தோம். முதல் 800 கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினேன். நான் மெக்கானிக் இல்லை, உங்கள் வண்டிக்கு அதன் சர்வீஸ் மேனுவல் சொல்வதே கணக்கு. ஆனால் பழைய பிளேட்டைக் கையில் தராமல் பில் நீட்டினால், பட்டறையை விட்டு நகராதீர்கள்.