யானைக்குப் பெயர் உண்டா? வாசகர் கேள்வி பதில்

யானைகள் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றனவாமே, நிஜமா? எங்கள் பக்கம் வரும் யானைகளும் அப்படித்தானா?
– எஸ். கலைவாணி, பேரணாம்பட்டு

நிஜம்தான், ஆனால் ஆய்வு நடந்தது ஆப்பிரிக்க யானைகளிடம். கென்யாவில் அம்போசெலி, சாம்புரு புல்வெளிப் பகுதிகளில் பல வருஷமாகப் பதிவு செய்து வைத்திருந்த 469 குரல்களைக் கணினியில் போட்டு அலசி, மைக்கேல் பார்டோ குழுவினர் 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாமே தாழ்ந்த சுருதியில் வரும் உறுமல்கள். எந்த யானையைக் கூப்பிடுகிறது என்று உறுமலை மட்டும் வைத்துக் கணினி சொன்னதில் 27.5 சதவீதம் சரி, குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் 8 சதவீதம்தான் தேறியிருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து அவர்கள் செய்ததுதான். 17 யானைகளுக்கு அந்தக் குரல்களை ஒலிபெருக்கியில் போட்டார்கள். தன்னைக் கூப்பிட்ட குரல் என்றால் யானை சட்டென்று அந்தப் பக்கம் நடந்து வந்தது, பதில் குரலும் கொடுத்தது. கூப்பிட்ட அதே யானை வேறு யாரையோ கூப்பிட்ட குரலைப் போட்டால் அவ்வளவு அவசரம் இல்லை.

ஆந்திர எல்லையில் உள்ள கௌண்டின்யா காட்டிலிருந்து உங்கள் மாந்தோப்புக்கு இறங்குபவை ஆசிய யானைகள், அந்தச் சோதனையில் அவை இல்லை. ஆனால் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்கின்றன என்பதை விலங்கொலி ஆய்வாளர் கேட்டி பெய்ன் 1984-இல் முதலில் உணர்ந்ததே ஆசிய யானைகளிடம்தான், அமெரிக்காவில் போர்ட்லாண்ட் மிருகக்காட்சி சாலையில். தோப்பு நிசப்தமாக இருக்கிறது என்று நாம் நினைக்கும் நேரத்திலும் கூட்டத்துக்குள் பேச்சு ஓடிக்கொண்டிருக்கலாம்.

குட்டி செத்தால் யானைகள் புதைக்குமா?
– ஆர். முனிரத்தினம், குடியாத்தம்

வடக்கு வங்காளத்துத் தேயிலைத் தோட்டங்களில் அப்படி ஐந்து குட்டிகளைப் பார்த்து 2024-இல் எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் ஓடும் கால்வாய்க் குழிக்குள் குட்டி மல்லாக்கக் கிடக்கிறது, நாலு காலும் மேலே தெரிய, உடம்பு மண்ணுக்குள். சுற்றிலும் பெரிய யானைகளின் காலடித் தடம். அவைதான் இழுத்துவந்து போட்டிருக்கின்றன. படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது.

கொல்லையில் யானை இறங்கினால் பட்டாசு வெடிக்காமல் வேறு என்னதான் செய்வது?
– ஜி. வேலு, குடியாத்தம்

ஒரே ராத்திரியில் வாழையை மொத்தமாகப் பறிகொடுத்தவரிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் குட்டியோடு வந்த கூட்டமென்றால் தயவுசெய்து பட்டாசைத் தொடாதீர்கள். தாயும் குட்டியும் ஆளுக்கொரு பக்கம் சிதறினால் தேடிக்கொண்டு ஊருக்குள்ளேயே நிற்கும், எதிரே வருபவர் மேல் பாயும். கூட்டமாக ஓடாமல், டார்ச் அடித்துக் கிட்டே போகாமல், வனத்துறைக்குச் சொல்லிவிட்டு அது திரும்பும் வழியை விட்டு விலகி நில்லுங்கள்.

கென்யாவில் யானை ஆய்வாளர் லூசி கிங் தேன்கூட்டு வேலியை முயன்று பார்த்தார். கூடுகளைக் கம்பியால் கோத்துத் தோட்டத்தைச் சுற்றித் தொங்கவிடுவார்கள், யானை கம்பியில் இடித்தால் தேனீ கிளம்பும். விளைச்சல் நேரத்தில் நன்றாகவே தடுத்திருக்கிறது, வறட்சியில் தேனீ குறைந்தால் பலனும் குறைகிறது. கோடையில் நம் பக்கம் எப்படிக் காயும் என்பது உங்களுக்கே தெரியும், அதனால் கூட்டுக்குத் தண்ணீரும் பூக்கும் செடியும் தர வழி இருந்தால் மட்டும் இதில் பணம் போடுங்கள்.