ஆய்வேட்டில் 46 சதவீதம் ஒத்துப்போகிறது என்கிறார்கள், என் பிஎச்.டி. போய்விடுமா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள் நான். கௌரவ விரிவுரையாளராக வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகத் தமிழில் பிஎச்.டி. செய்கிறேன். தலைப்பு, அழகர் வர்ணிப்புப் பாடல்கள் (சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை வர்ணித்துப் பாடும் நாட்டுப்புறப் பாடல்கள்). தல்லாகுளத்தில் எதிர்சேவையின்போது (மதுரைக்கு வரும் அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் நிகழ்ச்சி) நானே பதிவு செய்த பாட்டுகளை ஐந்தாம் இயலில் ஆராய்ந்திருக்கிறேன். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு சாப்ட்வேரில் போட்டுப் பார்த்ததில் 46 சதவீதம் மற்ற எழுத்துகளோடு ஒத்துப்போகிறதாம். 'ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று ஏழு நாளில் விளக்கம் கேட்டுத் துறையிலிருந்து மெமோ வந்திருக்கிறது. நான் பிரித்துப் பார்த்தேன். சங்கப் பாடல்களும் மேற்கோள்களும் 11, துணைநூற்பட்டியல் 5, ஏற்கெனவே நான் இதழ்களில் எழுதிய இரண்டு கட்டுரைகள் 14. மீதி 16 பழைய ஆய்வேடு ஒன்றிலிருந்து வந்தவை. அந்த ஆய்வேட்டின் பெயர் கடைசிப் பட்டியலில் இருக்கிறது, உள்ளே அந்தந்த இடத்தில் போடவில்லை. தெரிந்த ஒருவர், 'ஒரு கடையில் பணம் கொடுத்தால் வாசகங்களை மாற்றி 10 சதவீதத்துக்குள் கொண்டுவந்து தருவார்கள்' என்கிறார். என் சொந்தக் கட்டுரைகளின் 14ஐக் கழித்துவிடலாமா? திருட்டு என்று வழக்குப் போட்டு ஜெயிலில் போடுவார்களா? இத்தனை வருட உழைப்பும் வீணா? (இணைப்பு: மெமோ, சாப்ட்வேர் அறிக்கை, மூன்றாம் இயலின் நான்கு பக்கங்கள், நன்றியுரை, துணைநூற்பட்டியல்.)

பதில்: அன்புச் சகோதரி, முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் படித்தேன். உங்கள் மேல் தப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது சரிசெய்யக்கூடிய தப்பு. சரிசெய்ய வழியும் கால அவகாசமும் விதிகளிலேயே இருக்கின்றன.

உங்கள் விஷயத்தில் பொருந்துவது பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டு ஜூலையில் கொண்டுவந்த விதிமுறைகள். கல்வி நேர்மையை வளர்ப்பது, கருத்துத் திருட்டைத் தடுப்பது பற்றியவை. இவை ஒத்துப்போகும் அளவை நான்கு படிகளாகப் பிரிக்கின்றன. 10 சதவீதம் வரை தண்டனை கிடையாது. 10க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கச் சொல்வார்கள், அதற்கு அதிகபட்சம் 6 மாதம். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக்கூடக் கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உங்கள் அறிக்கையில் உள்ள 46 என்ற எண் அப்படியே நின்றால் நீங்கள் மூன்றாவது படியில் இருக்கிறீர்கள், ஓராண்டு போய்விடும். அதனால் அந்த எண்ணைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

அதே விதிகள் சிலவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கின்றன. உரிய இடம் குறிப்பிட்டுத் தரும் மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகங்கள், பொதுச் சொற்கள், நிலையான குறியீடுகள், சமன்பாடுகள் இவையெல்லாம் விலக்கு. பொதுவாக எல்லோருக்கும் தெரிந்த செய்தியும், தற்செயலாக ஒத்துப்போகும் சொற்களும் தொடர்ந்து 14 சொற்கள் வரை விலக்கு. (14 சொல் வரை யாருடையதையும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. அப்படி நினைத்து மாட்டிக்கொள்கிற மாணவர்கள் இருக்கிறார்கள்.) நீங்கள் சங்க நூலான பரிபாடலின் 15ஆம் பாடலைத் தந்த பக்கத்தைப் பார்த்தேன். பாடல் எண் இருக்கிறது, மேற்கோள் குறி இல்லை. மேற்கோள் குறி இல்லாவிட்டால் அது மேற்கோள் என்று சாப்ட்வேருக்குத் தெரியாது. சாப்ட்வேர் சொல்வதெல்லாம் 'இந்த வரி இன்னோர் இடத்திலும் இருக்கிறது' என்பதுதான். அது திருட்டா, மேற்கோளா என்று முடிவு செய்ய வேண்டியது மனிதர்கள். ஆக 11ஐயும் 5ஐயும் கழித்தால் 30 வருகிறது. அது இரண்டாம் படி. திருத்திக் கொடுக்கலாம். இந்த ஒரு கணக்கை ஆதாரத்தோடு காட்டினாலே உங்களுக்கு ஓராண்டு மிச்சம்.

உங்கள் சொந்தக் கட்டுரைகளின் 14ஐயும் கழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. நாம் எழுதியதுதானே என்று தோன்றும். ஆனால் ஏற்கெனவே வெளியிட்ட தன் எழுத்தை, வெளியிட்ட விவரம் சொல்லாமல் மறுபடி புதிதுபோலத் தருவதும் ஏற்கத்தக்கதல்ல என்று மானியக் குழு 2020 ஏப்ரலில் தனியாகவே அறிவித்திருக்கிறது. பரிகாரம் சுலபம். அந்த இயலின் தொடக்கத்திலேயே 'இவ்வியலின் பகுதிகள் இன்ன இதழில் இன்ன ஆண்டில் கட்டுரையாக வந்தவை' என்று எழுதுங்கள். எங்கெங்கே அப்படியே வருகிறதோ அங்கங்கே அடிக்குறிப்பும் கொடுங்கள். பதிப்புரிமையை இதழுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அவர்களிடம் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள்.

இனி உண்மையான தப்புக்கு வருவோம், அந்த 16க்கு. நீங்கள் அனுப்பியதில் ஒரு வாக்கியம் (அதில் வரும் மண்டகப்படி என்பது ஊர்வலத்தில் சாமி நின்று செல்லும் மண்டபம்). பழைய ஆய்வேட்டில் இப்படி இருக்கிறது: "அழகர் மண்டகப்படி தோறும் நிற்கும்போது வர்ணிப்புப் பாடுவோர் அவரை எதிர்கொண்டு பாடுகின்றனர், கேட்போர் கூட்டம் பெருகப் பெருகப் பாட்டும் நீள்கிறது." உங்களுடையதில்: "ஒவ்வொரு மண்டகப்படியிலும் அழகர் நிற்கையில் வர்ணிப்புப் பாடுபவர்கள் அவரை எதிர்கொண்டு பாடுகிறார்கள், கேட்பவர்கள் கூடக் கூடப் பாட்டும் நீள்கிறது." 'பாடுவோர்' 'பாடுபவர்கள்' ஆகிவிட்டார்கள், 'பெருக' 'கூட' ஆகிவிட்டது. கண்டுபிடிப்பு அவருடையது, வாக்கியத்தின் அமைப்பும் அவருடையது, பெயர் மட்டும் உங்களுடையது. நெறியாளர்கள் பலரே இதை 'சொந்த நடையில் எழுதுவது' என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதனால் உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் குழுவின் முன் இது நிற்காது. கடைசிப் பட்டியலில் பெயர் இருப்பதும் போதாது. எந்த வரி யாருடையது என்று படிப்பவருக்கு அந்த இடத்திலேயே தெரிய வேண்டும்.

எப்படி எழுதியிருக்கலாம்? அவருடைய வாசகமே வேண்டுமென்றால் மேற்கோள் குறிக்குள் அப்படியே கொடுத்து, ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் போடுங்கள். கருத்து மட்டும் வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள்: 'கூட்டத்தைப் பொறுத்துப் பாட்டின் நீளம் மாறுகிறது என்பதை முதலில் கவனித்துச் சொன்னவர் இன்னார்' என்று தொடங்கி, பெயர், ஆண்டு, பக்கம். அதற்கடுத்த வரி உங்களுடையதாக இருக்கட்டும். தல்லாகுளத்தில் எதிர்சேவையின்போது நீங்கள் பதிவு செய்த பாட்டு அவர் சொன்னதோடு ஒத்துப்போகிறதா, மாறுகிறதா? உங்கள் ஐந்தாம் இயலில் அதற்குப் பதில் இருக்கிறது என்று கடிதத்தில் சொல்கிறீர்கள். அதை ஏன் மூன்றாம் இயலில் அவர் வாசகத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தீர்கள்? அவர் பெயரைச் சொல்லிவிட்டால் உங்கள் பங்கு குறைந்துவிடும் என்ற பயம்தான் காரணம் என்றால், அந்தப் பயம் தேவையே இல்லை. அவர் விட்ட இடம் எது என்று காட்டினால்தானே நீங்கள் தொட்ட இடம் தெரியும்!

பரிபாடல் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். பாடலையும் பரிமேலழகர் உரையையும் உ.வே.சா. 1918இல் அச்சிட்ட பதிப்பிலிருந்து எடுத்ததாகப் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பக்கத்தில் இருக்கும் விளக்கம் அந்தப் பழைய ஆய்வேட்டில் உள்ளபடியே, அதில் உள்ள அச்சுப்பிழையோடு வந்திருக்கிறது. மூலநூலை நீங்கள் திறந்து பார்க்கவில்லை என்று தேர்வாளருக்கு உடனே தெரிந்துவிடும். பார்க்காத நூலைப் பார்த்ததாகக் காட்டுவதும் நேர்மைக் குறைவுதான். போய்ப் பாருங்கள், அல்லது 'இன்னார் எடுத்துக்காட்டியபடி' என்று எழுதுங்கள்.

ஜெயில் கேள்விக்கு வருகிறேன். கருத்துத் திருட்டு என்ற பெயரில் தனிக் குற்றம் சட்டத்தில் கிடையாது. பதிப்புரிமை மீறல்தான் குற்றம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 63ஆவது பிரிவில், தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் ஆராய்ச்சிக்காகவும் விமர்சனத்துக்காகவும் நியாயமான அளவில் பயன்படுத்துவதை 52ஆவது பிரிவு அனுமதிக்கிறது. சில பக்கங்களுக்காக உங்கள் மேல் கிரிமினல் வழக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை. அதே சமயம் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உ.வே.சா. 1942இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை என்பதால் அவர் எழுத்துகளுக்கு அது முடிந்துவிட்டது. நாட்டுடைமையான நூல்களும் அப்படியே, யாரும் அச்சிடலாம். அதனால் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. பதிப்புரிமை முடிந்தாலும் மேற்கோள் காட்டும் கடமை முடிவதில்லை.

சாப்ட்வேர் பிடிக்காத ஒன்றை நான் பிடித்தேன், அதுதான் என்னை அதிகம் வருத்தியது. உங்களுக்குப் பாடிக் கொடுத்தவர்களை நன்றியுரையில் 'கிராமத்துப் பாடகர்கள்' என்று இரண்டே சொல்லில் முடித்திருக்கிறீர்கள். நூலாசிரியருக்குப் பக்க எண் வரை கேட்கிற நாம், மணிக்கணக்கில் உட்கார்ந்து பாடியவருக்குப் பெயர்கூடத் தரவில்லையே. ஆராய்ச்சிக்காகப் பாட்டைப் பதிவு செய்வது சட்டப்படி மீறல் இல்லை, அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் இதைப் பாடியவர் இவர்தான் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைப் பாடியவருக்கு, 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு தருகிறது. திருத்தும்போது அவர்களிடம் போய்க் கேளுங்கள். சம்மதித்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே பெயர், ஊர், பதிவு செய்த நாள், இடம் போடுங்கள். பெயர் வேண்டாம் என்பவர்களுக்கு ஊரும் நாளும் போதும்.

அந்தக் கடை விஷயம். தயவுசெய்து போகாதீர்கள். ஆய்வேட்டோடு 'இது என் சொந்த உழைப்பு, கருத்துத் திருட்டு இல்லை' என்று நீங்கள் கையெழுத்திட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டும். கடைக்காரர் மாற்றி எழுதிய பிரதிக்கு அந்தக் கையெழுத்தைப் போட்டால், இன்று அடிக்குறிப்பு விட்டுப்போன தவறாக இருப்பது நாளை தெரிந்தே செய்த மோசடி ஆகிவிடும். பட்டம் வாங்கிய பிறகும் தப்ப முடியாது. ஆய்வேடு ஷோத்கங்கா தளத்தில் (இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் இணையதளம்) ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பட்டம் கொடுத்த பிறகு நிரூபணமானால் அதை நிறுத்திவைக்கவும் விதியில் இடம் இருக்கிறது.

மெமோவுக்கு என்ன பதில் எழுதுவது? துறைத் தலைவர் தனியாக முடிவெடுக்க முடியாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். துறை அளவில் ஒரு கல்வி நேர்மைக் குழு விசாரித்து 45 நாளில் அறிக்கை தர வேண்டும். அதன் மேல் நிறுவன அளவிலான குழு இன்னொரு 45 நாளில் முடிவு செய்ய வேண்டும். உங்கள் தரப்பைக் கேட்காமல் எந்தத் தண்டனையும் தரக் கூடாது. அதனால் பதிலில், முழு அறிக்கையின் நகலும் புகார் வந்திருந்தால் அதன் நகலும் கேளுங்கள். விலக்கு பெற வேண்டியவை எவை என்று பக்க எண்ணோடு அட்டவணை போடுங்கள். சொந்தக் கட்டுரைகளை ஒப்புக்கொள்ளுங்கள். பழைய ஆய்வேட்டின் பகுதிகளையும் மழுப்பாமல் ஒப்புக்கொண்டு, திருத்திச் சமர்ப்பிக்க அனுமதி கேளுங்கள். 'நெறியாளர் சொல்லித்தரவில்லை' என்று தொடங்காதீர்கள். அவரும் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர்தான், தேவைப்பட்டால் குழுவே அவரைக் கேட்கும். நடைமுறையை மீறி உங்களைக் கேட்காமலே உத்தரவு வந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். நீதிமன்றம் நடைமுறை சரியாக நடந்ததா என்று பார்க்கும், உங்கள் ஆய்வின் தரத்தை எடை போடாது. ஆகவே அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு நாளில் அட்டவணை முடியாது என்றால் முடிகிறவரை காத்திருக்க வேண்டாம். 'விளக்கம் தர 15 நாள் அவகாசம் வேண்டும்' என்று இன்றைக்கே ஒரு கடிதம் எழுதி நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் அதே கடிதத்தை ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.