வாசகர் கேள்வி பதில்: முழங்கால் வலிக்கு அக்குபஞ்சர் செய்யலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. மூன்று வருடமாக இரண்டு முழங்காலிலும் வலி. எக்ஸ்ரே பார்த்துவிட்டு எலும்புத் தேய்மானம் என்றார்கள். வலிக் குளிசை போட்டால் வயிறு எரிகிறது. கோணேசர் கோயிலுக்கு ஏற முடியாமல் வெள்ளிக்கிழமை போவதையே விட்டுவிட்டார். அக்குபஞ்சர் என்ற ஊசி வைத்தியம் செய்தால் முற்றாகச் சுகமாகிவிடும், மருந்தெல்லாம் நிறுத்தலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். நம்பிப் போகலாமா? (வாசகி, உப்புவெளி)

பதில்: போகலாம் தங்கச்சி. ஆனால் முற்றாகச் சுகமாகும் என்ற கதையை மட்டும் நம்பாதீர்கள், தேய்ந்த குருத்தெலும்பை எந்த ஊசியும் திரும்ப வளர்க்காது. வலி கொஞ்சம் இறங்கலாம், அவ்வளவுதான்.

அந்த ஊசியில் மருந்து எதுவும் இல்லை. தலைமயிரை விடச் சற்றுத் தடிப்பான வெறும் கம்பி. முழங்கால் சிரட்டைக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்ள குழிகளிலும், அதற்கு நாலு விரல் கீழே வெளிப்பக்கமாகவும், இன்னும் சில இடங்களிலும் வைத்து 20 முதல் 30 நிமிடம் விடுவார்கள். சரியாக வைத்தால் சுரீர் என்று இருக்காது, உள்ளே ஒரு பாரமான கடுப்பு வரும். நரம்பு தூண்டப்படும்போது வலியை மழுங்கச் செய்கிற பொருட்களை உடம்பே சுரக்கிறது என்பதுதான் மருத்துவம் சொல்லும் விளக்கம்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்றால், ஒன்றுபோல் சொல்லவில்லை. 2004இல் அமெரிக்காவில் 570 பேரை வைத்துப் பார்த்ததில், 26 கிழமை முடிவில் உண்மையான ஊசி வைக்கப்பட்டவர்களுக்கு, ஒப்புக்குப் போலி ஊசி வைக்கப்பட்டவர்களை விட வலி குறைந்திருந்தது. 2006இல் ஜெர்மனியில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள்: சரியான புள்ளியில் குத்தியவர்களில் நூற்றுக்கு 53 பேருக்குப் பலன், வேறு இடத்தில் சும்மா மேலாகக் குத்தியவர்களிலும் 51 பேருக்குப் பலன், ஊசியே இல்லாமல் வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 29 பேருக்குத்தான். அதாவது புள்ளியை விட, படுக்கவைத்து ஒருவர் அக்கறையாகக் கவனிப்பதற்கும் பெரிய பங்கு இருக்கிறது போல. பிரிட்டனின் அரச வழிகாட்டி 2022இல் தேய்மானத்துக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்றது, அமெரிக்க மூட்டு வைத்தியர்களின் சங்கம் 2019இல் விரும்பினால் செய்து பார்க்கலாம் என்றது. என் அபிப்பிராயம், 6 முதல் 8 தடவை செய்து பாருங்கள், அதற்குள் படியேறுவதிலோ இரவு நித்திரையிலோ வித்தியாசம் தெரியாவிட்டால் காசைக் கொட்டாமல் நிறுத்துங்கள்.

வலி இறங்கிய நாட்களை அம்மா என்ன செய்கிறார் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. என் மாமி ஒருவர் ஏழு தடவை ஊசி வைத்து நல்லாக இருந்தார், உடனே பழையபடி துருவலையில் குந்தி இருந்து தேங்காய் துருவத் தொடங்கினார், ஒரு மாதத்தில் வலி திரும்பிவிட்டது. அதைப் பார்த்த வேதனையில் சொல்கிறேன், அந்த நாட்களில் தொடைத் தசையைப் பலப்படுத்த வேண்டும். கதிரையில் இருந்து ஒரு காலை நேராக நீட்டி 5 செக்கன் பிடித்து இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை, காலையும் மாலையும். உடம்பு பாரம் கூடுதலென்றால் 1 கிலோ குறைத்தாலே ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு 4 கிலோ சுமை குறையும். கோயில் ஏற்றத்தை இரண்டு மாதத்துக்குப் பிறகு மெதுவாக ஏறிப் பார்க்கட்டும், கைத்தடியைக் கூட அதிகம் வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் வார்த்தால் இதமாக இருக்கும் என்றால் வார்க்கட்டும், மூட்டு வீங்கிச் சிவந்து சுடும்போது மட்டும் வேண்டாம்.

வயிறு எரிவதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், குளிசைக்குப் பதிலாகப் பூசுகிற ஜெல் தரலாம். பிரஷர், சீனி மருந்துகளை ஊசிக்காக நிறுத்தவே கூடாது. புதிய ஊசிப் பக்கெட்டை உங்கள் கண் முன்னால் உடைத்து எடுக்க வேண்டும். அம்மா வார்ஃபரின் போல இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவரா, நெஞ்சில் இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி இருக்கிறதா என்று ஊசி வைப்பவரிடம் முதலே சொல்லிவிடுங்கள், பேஸ்மேக்கர் இருந்தால் கரண்ட் கொடுக்கும் அக்குபஞ்சர் ஆகாது. ஊசிக்குப் பிறகு காய்ச்சலோடு முழங்கால் வீங்கினால் அன்றைக்கே ஆசுபத்திரி.

கேள்வி: எனக்கு 38 வயது. விடிய எழும்பினால் இரண்டு கை விரல்களும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருக்கும். மெதோட்ரெக்ஸேட் என்ற குளிசை தந்தார்கள். அக்குபஞ்சர் தொடங்கியதால் இரண்டு மாதமாக அதை நிறுத்தியிருக்கிறேன். சரியா? (வாசகர், மூதூர்)

பதில்: சரியில்லை தம்பி. உங்களுடையது தேய்மானம் இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் ருமட்டொயிட் வாதம் போலத்தான் தெரிகிறது. ஊசி வலியை மறைக்கும், உள்ளே எலும்பு அரிபடுவதை நிறுத்தாது, விரல் ஒருமுறை கோணிவிட்டால் பழையபடி நிமிராது. அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் இந்தக் கிழமையே போய், நிறுத்தியதை ஒளிக்காமல் சொல்லுங்கள், இரத்தம் சோதித்துவிட்டுத் திரும்பத் தொடங்குவார்கள். நீங்களாகத் தொடங்க வேண்டாம். அந்தக் குளிசை கிழமைக்கு ஒரு நாள் மட்டும், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அக்குபஞ்சரையும் தொடர விருப்பமென்றால், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இந்த மருந்து எடுப்பதை ஊசி வைப்பவரிடம் சொல்லுங்கள், கிருமி தொற்றாமல் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.